பாமணி தூங்கிய பதினோரு நிமிடம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடிக் கிடக்கும் நேரத்தை
யாரும் வாழ்நாளில் சேர்ப்பதில்லை.
கேட்டைத் தாண்டி உரக்கடை, அதன் மாடியில் என் அறை.
ஒரு ஏசி, ஒரு சர்வர்,
பல்லி முட்டையிட்ட ஒரு யுபிஎஸ்.

சர்வர் ஒன்றுதான்.
அதன் வயிற்றுக்குள் மூன்று மெய்நிகர் இயந்திரங்கள்.
பெயர் கேட்டது திரை.
காலையில் மூணாறு தலைப்பைக் கடந்து வந்திருந்தேன்:
வெண்ணாறு, கோரையாறு, பாமணி.
வெண்ணாற்றில் மேலிடத்து உத்தரவுகள்,
கோரையாற்றில் நீர்மட்டம்,
ஷட்டர் ஏறியதும் இறங்கியதும் பாமணியில்.

மூன்றுக்கும் சொந்தத் துடிப்பு இல்லை.
நிறுத்தினால் நிற்கும்.
எழுப்பினால்
விட்ட எண்ணிலிருந்து எண்ணும்,
தூங்கினோம் என்றே தெரியாமல்.

ஐப்பசி. அடைமழை. மின்சாரம் போன இரவு.
பேட்டரி தீரும் முன் சர்வர் மூன்றையும் தூங்கவைத்தது,
ஒன்று ஐந்திலிருந்து ஒன்று பதினாறு வரை.
எழுந்ததும் இரண்டு
தாயிடம் மணி கேட்டுத் திருத்திக்கொண்டன.
பாமணி கேட்கவில்லை.

நாலாம் நாள் லஸ்கர் தைரியநாதனுக்கு மெமோ:
உத்தரவு வந்தது 2.40.
நீர் ஷட்டரைத் திறந்தது 2.32.
யார் வயலைக் காப்பாற்ற, யார் வயலை மூழ்கடிக்க
அந்த எட்டு நிமிடம்?

அவர் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்.
நனைந்து உப்பிய தாள், ஊதா மை.
2.43 என்று இருந்தது.
'போன்ல பாத்துதான் எழுதினேம்மா.
எம்பேச்சு எடுபடாது. மிஷின் பேச்சுதான் எடுபடும்.'

மிஷினிடம் கேட்டேன்.
மூன்று ஜன்னல் திறந்து
மூன்றிலும் ஒரே நொடியில் மணி கேட்டேன்.
இரண்டு ஒன்றைச் சொல்லின.
பாமணி, பதினோரு நிமிடம் பின்னால்,
கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை.
ஆடியில் நான் எடுத்துவிட்ட ஒரு டிக்.
அப்போது பாமணியின் முள்ளை
தாயும் இழுத்தாள், இணையத்து நேர சர்வரும் இழுத்தது.
இரண்டு பேர் பிடித்த ஏற்றக்கால் மாதிரி
மணி ஆடியது. தாயின் கையை விலக்கினேன்.
சரியான வேலைதான்.
கூடவே இன்னொன்றும் செய்தேன்:
'தாவாதே. மெல்ல ஈடுகட்டு.'

ஷட்டரை ஒரேயடியாகத் தூக்கினால் கரை உடையும்.
நேரமும் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன்.
நொடிக்கு அரை மில்லிநொடி
திருப்பித் தந்துகொண்டிருந்தது பாமணி, நேர்மையாக.
அந்தக் கணக்கில் பதினோரு நிமிடம் அடைபட
பதினைந்து நாள் ஆகும்.
ஒரு அமாவாசையிலிருந்து ஒரு பௌர்ணமி.
அதற்குள் ஒரு மனிதனின் இன்க்ரிமென்ட் போய்விடும்.

நேரமும் மேலிருந்துதான் வருகிறது.
எங்கோ ஒரு அணுக் கடிகாரம்,
அதற்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே ஒன்று,
படிக்குப் படி கொஞ்சம் கசிந்து
கடைமடையில் என் பாமணி.
மேட்டூரில் எத்தனை கனஅடி என்று
இங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.
மணி எங்கிருந்து வருகிறது என்று
ஒருவரும் கேட்டதில்லை. நானும்.

விளக்கக் கடிதம் எழுதினேன்.
பொறியாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.
'சர்வர் தப்புன்னு எழுதினா
மூணு வருஷத்து ரிக்கார்டையும் கேப்பாங்க ரெஜினா.'
'சர்வர் தப்பில்லை சார். நான்.
அப்படித்தான் எழுதியிருக்கு. ரெண்டாவது பத்தி.'

கடிதம் மேலே போயிருக்கிறது.
மெமோ இன்னும் ரத்தாகவில்லை.

இப்போது பாமணி
எழுந்தவுடன் ஒரே ஒரு தடவை தாவும்,
அப்புறம்தான் மெல்ல நடக்கும்.
ஆனாலும் மின்சாரம் போய் வந்த இரவுகளில்
தைரியநாதனுக்கு போன் போடுகிறேன்.
ஷட்டருக்கு மேலே நின்று, மழைச் சத்தத்தோடு,
மணி சொல்வார். பொருந்தும்.

நேற்று வைக்கும் முன் கேட்டார்:
'அந்தப் பதினோரு நிமிஷமும் தண்ணி ஓடிச்சேம்மா,
அது யாரு கணக்குல?'

கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாக
முடியாமல் போய்க்கொண்டிருந்தது.